சிங்கப்பூர் ஆற்றில் 'நாள் முழுக்கப் படகுச் சவாரி' என்று விளம்பரம் வந்தால் பணம் கட்டாதீர்கள்

ஜூன் பள்ளி விடுமுறைக்கு அம்மா திருவையாற்றிலிருந்து வந்திருந்தார். காவிரிக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். தேக்கா (லிட்டில் இந்தியா), செந்தோசா தீவு எல்லாம் சுற்றிக் காட்டிய பிறகு, "ஆத்துல ஒரு நாள் நிம்மதியா படகுல உட்கார்ந்து வரணும்டி" என்றார். இங்கே வந்து அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

அந்த வாரமே என் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. 12 பேர் உட்காரும் தனிப் படகு. காலை பத்து மணிக்கு ஆற்றங்கரையில் உள்ள கிளார்க் கீயில் ஏறி, ஆற்றோடு மெதுவாகக் கடலுக்குப் போய், அங்குள்ள கூசு தீவில் சைவச் சாப்பாடு, மாலை ஆறு மணிக்குத் திரும்ப அதே துறையில் இறக்கம். மொத்தம் 720 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நாங்கள் ஒன்பது பேர், ஆளுக்கு 80 வெள்ளி. அம்மாவுக்காகத்தானே என்று அழைத்துப் பேசினேன். எடுத்தவர் நல்ல தமிழில் பேசினார், வாய்க்கு வாய் அக்கா என்றார். கைப்பேசி எண்ணுக்கோ நிறுவனப் பதிவு எண்ணுக்கோ வங்கிப் பணம் அனுப்பும் பேநவ் வழியாகக் கட்டும்போது திரையில் நிறுவனத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர்தான் வந்தது. கேட்டேன். "கம்பெனி கணக்குல ஏதோ பிரச்சினைக்கா, என் நம்பருக்கே அனுப்பிடுங்க" என்றார். நம் ஆள்தானே என்று முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் துறையில் நின்றோம். யாரும் இல்லை. பத்தே முக்காலுக்கு ஒரு பையன் வந்து என் கையில் ஒன்பது சீட்டுகளைத் திணித்தான். கவுண்டரில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளக்கூடிய சாதாரணப் பம்போட் (சிறு மரப்படகு) சீட்டு. ஒன்பதுக்கும் சேர்த்தே நாங்கள் கட்டியதில் பாதி வராது. "உங்க படகு ரிப்பேர். இதுல ஒரு சுற்று போய்ட்டு வாங்க, அதுக்குள்ள வேற படகு வந்துடும்" என்றான்.

சுற்றுலாப் பயணிகள் நிறைந்த படகில் அம்மாவை ஓரமாக உட்கார வைத்தோம். எல்ஜின் பாலம், 1869-இல் கட்டிய கேவனா பாலம், பழைய தபால் நிலையமாக இருந்த ஃபுல்லர்ட்டன் கட்டடம், மெர்லயன் சிலை, மரினா பே வளைகுடா. அம்மா படகின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இந்தத் தண்ணி ஓடவே இல்லையேடி."

அதுதான் உண்மை. அம்மாவுக்கு ஒரு பார்வையில் தெரிந்தது, இருபது வருடமாக இங்கே இருக்கும் எனக்கு உறைக்கவில்லை. 2008-இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு இந்த ஆறும் வளைகுடாவும் சேர்ந்து ஒரு நன்னீர்த் தேக்கம். நடுவில் அணை நிற்கும்போது கிளார்க் கீயில் ஏறிய படகு ஆற்றோடு கடலுக்குப் போய்க் கூசு தீவில் எப்படி நிற்கும்? கூசுவுக்குப் படகு, அணைக்கு வெளியே கடலோரத்தில் இருக்கும் மரினா சவுத் துறையிலிருந்து போகிறது. அப்புறம், இந்த ஆற்றின் நீளமே ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான். மரினா பே வரை போய்த் திரும்ப 40 நிமிடம். இதில் காலையிலிருந்து மாலை வரை எங்கே ஓட்டுவார்கள்? விளம்பரப் படத்தை அன்று இரவு பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைக் கைப்பிடி வைத்த மரப்படகு, வெள்ளைத் துணிக் கூரை, பின்னால் கரை நெடுகத் தென்னை வரிசை. இந்த ஆற்றங்கரைப் போட் கீயில் ஏது அப்படித் தென்னந்தோப்பு!

இறங்கியபோது அந்தப் பையனைக் காணோம். வேறு படகும் வரவில்லை. ஒன்றரை மணி வரை வெயிலில் காத்திருந்தோம். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். கை நடுங்க ஆரம்பித்ததும் பிள்ளைகளின் பையிலிருந்த பிஸ்கட்டைக் கொடுத்து, டாக்சி பிடித்துத் தேக்காவுக்குப் போய்ச் சாப்பிட வைத்தோம். "விடுடி, பார்த்தாச்சுல்ல" என்று என்னைத் தேற்றினார். பணம் போனதைவிட அந்த வார்த்தைதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அந்த ஆளிடமிருந்து ஒரே ஒரு பதில் வந்தது: "சவாரி கொடுத்தாச்சு, பணம் திரும்ப வராது." அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான வழக்குக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளிதான், இரண்டு வருடத்துக்குள் போடலாம். ஆனால் யார் மீது போடுவது? எதிராளியின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும், முகவரி இல்லை. நிறுவனப் பதிவு எண்ணுக்குப் பேநவ் செய்திருந்தால் நிறுவனத்தின் பெயர் கையில் இருந்திருக்கும், நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடியும் பார்த்திருக்கலாம். தனி ஆளின் எண்ணுக்கு அனுப்பச் சொன்ன அந்த நிமிடமே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

சின்னப் படகில்தான் போக வேண்டும் என்றால் சாங்கி முனைத் துறைக்குப் போங்கள். புலாவ் உபின் தீவுக்குப் பம்போட் அங்கே கிடைக்கும். 12 பேர் சேர்ந்ததும் கிளம்பிவிடும், முழுப் படகுக்கும் கட்டினால் காத்திருக்க வேண்டாம். ஏறும்போது கையில் காசு கொடுத்தால் போதும், முன்பணம் கிடையாது. அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் முகத்தில் தெறிக்கத் தெறிக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

போன வாரம் என் கணவரின் அலுவலக நண்பருக்கு ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. பெயர் வேறு, விலை 650 வெள்ளி. படம் மட்டும் அதே பச்சைக் கைப்பிடி, வெள்ளைக் கூரை, தென்னை வரிசை. தீபாவளி விடுமுறைக்கு ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைப்பவர்கள் கண்ணில் இது படட்டும்.