தெர்மோகோல் சர்ஃபிங் பலகையை ஃபைபர் பட்டறையில் கொடுப்பதற்கு முன்

அலை மேல் நின்று சறுக்குகிற சர்ஃபிங் பலகை ஒன்றைத் தெர்மோகோலில் வீட்டிலேயே செதுக்கி, மேலே ஃபைபர் ஒட்ட மட்டும் வெளியில் கொடுத்து நான் ஏமாந்த கதை இது. பட்டறையின் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி என்று எங்கள் கரை நெடுக ஃபைபர் வேலை தெரிந்தவர்கள் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகிய கரை இது. எனக்கு வாய்த்தவருக்கும் தொழில் நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

அக்கா மகன் கோவளத்தில் சர்ஃபிங் பழகிவிட்டு வந்து, "மாமா, நம்ம கடல்லயும் ஏறலாம், ஆனா அங்க இருக்கிற பலகை இங்க சரிப்படாது" என்றான். யோசித்துப் பார்த்தால் சரிதான். தெற்கிலிருந்து வருகிற பெரிய அலைகளை இலங்கை மறித்துக்கொள்கிறது. ஐப்பசி கார்த்திகையை விட்டால் நம் பக்கம் அலைக்கு வலு கம்மி. எழுந்த வேகத்தில் கரையோரம் மடிந்துவிடும். அதனால் 7 அடி நீளம், 22 அங்குல அகலம், நடுவில் 2¾ அங்குல கனம், மூக்கு அதிகம் வளையாத பலகை என்று முடிவு செய்தோம்.

அதற்கப்புறம்தான் உண்மையான தலைவலி. ரெயிலை, அதாவது பலகையின் இரண்டு பக்க விளிம்பை, எப்படி விடுவது? வீட்டில் மோர் ஊற்றும்போது பார்த்திருப்பீர்கள். விளிம்பு உருண்டையாக இருக்கிற பாத்திரத்தை மெதுவாகச் சாய்த்தால் மோர் விளிம்பைச் சுற்றி அடிப்பக்கமாக வழியும். கூர்மையான மூக்கு இருந்தால் நறுக்கென்று அறுந்து டம்ளரில் விழும். ரெயிலும் அப்படித்தான். உருண்டையாக விட்டால் தண்ணீர் அதைச் சுற்றி ஏறி, பலகையை அலையோடு பிடித்து வைக்கும். அடியில் கூர் வைத்தால் தண்ணீர் அங்கேயே விடுபட்டு வேகம் கிடைக்கும். முன்பக்கம் முழுக்கக் கூராக இருந்தால் சின்ன சாய்வுக்கே விளிம்பு தண்ணீரில் மாட்டிக் கவிழ்த்துவிடும். வால் முழுக்க உருண்டையாக இருந்தால் தண்ணீர் விடாமல் பிடித்து இழுக்கும். அதனால் முன்பாதி மேலும் கீழும் சமமான உருண்டை. நடுவிலிருந்து உருண்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, வாலில் கடைசி 14 அங்குலம் மட்டும் விரல் வைத்தால் உறுத்துகிற கூர்.

அடிப்பகுதிக்கும் இதே அளவு சண்டை நடந்தது. அவனுக்கு ஆழமான குழிவு வேண்டும். குழிவு பலகையைத் தூக்கிவிடும், வேகமும் தரும். ஆனால் வலுவில்லாத அலைக்கு முக்கால்வாசி தட்டையே போதும் என்றேன் நான். நடுவில் 3 மில்லிமீட்டர் மட்டும் குழிவு, வால் பக்கம் லேசாக ஓட்டுக்கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிவு என்று சமாதானம் ஆனோம். அந்தச் சரிவு இருந்தால் ஒரு ரெயிலிலிருந்து மறு ரெயிலுக்குச் சாய்ப்பது சுலபம்.

சம்பா அறுவடை முடிந்து களம் காலியாக இருந்த நேரம். மூன்று வாரம் உப்புத்தாளும் கையுமாகத் தேய்த்தோம். வெள்ளை மணிகள் பறந்து வைக்கோல்போர் முழுக்க ஒட்டிக்கொள்ள, மாடு தின்றுவிடும் என்று அம்மா திட்டியது தனிக் கதை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஃபைபர் துணியை ஒட்டி இறுக வைக்கிற பிசின்தான் ரெசின். தெர்மோகோலுக்கு எபாக்சி ரெசின் மட்டும்தான் ஆகும். படகுக்குப் போடுகிற பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற கரைப்பான் இருக்கிறது. அது பட்ட இடத்தில் தெர்மோகோல், வெந்நீரில் போட்ட கற்கண்டு மாதிரி கரையும். பட்டறைக்காரரிடம் இதை நானே சொன்னேன். "தெரியும் தம்பி, எபாக்சிதான் போடுவேன், விலை மட்டும் கூடும்" என்றார். 14,000 ரூபாய் பேசி 9,000 கையில் கொடுத்தேன். பில் கேட்கவில்லை. ஒட்டுகிற ஃபைபர் துணி கூட மெல்லிய நெய்த துணிதான் என்று பேச்சு.

பத்தொன்பது நாள் கழித்து பலகை தயாரானது, பட்டறைக்குப் போனோம். படகு பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. தூக்கியதும் தோள் சாய்ந்தது. நாங்கள் 5 கிலோவுக்குள் எதிர்பார்த்தோம். அரிசி மண்டித் தராசில் வைத்தால் ஒன்பதரை. "கனமா இருந்தாத்தான் தம்பி கடல்ல நிக்கும்" என்றார் பட்டறைக்காரர். வால் விளிம்பைத் தடவினேன், கூர் இல்லை. "பெயின்ட் ஏறினா அப்படித்தான் தெரியும்" என்றார். அங்கேயே ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்திருக்க வேண்டும். மீதி 5,000-ஐக் கொடுத்துவிட்டு வந்தேன். மடையன்.

தரங்கம்பாடிக் கோட்டைக்கு வடக்கே தள்ளி இறக்கினோம். அலை வந்து போகிறது, பலகை அப்படியே நிற்கிறது. ஒருவழியாக ஏறினாலும் யாரோ வாலைப் பிடித்து இழுக்கிற மாதிரி. நேராகவும் போகாமல் இடது பக்கமே ஒதுங்கியது. மூன்றாம் நாள் வாலில் முடி மாதிரி ஒரு விரிசல். கரைக்கு வந்தும் அதிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு சத்தம், ஓரத்தில் அழுகல் தேங்காய் சத்தம்.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு வாலிலிருந்து ஓர் அடி தள்ளி ரம்பத்தால் குறுக்கே அறுத்தோம். உள்ளே பார்த்தது இதுதான். ரெயில் இருக்க வேண்டிய இடத்தில் தெர்மோகோல் கரைந்து கட்டைவிரல் போகிற பொந்து. அதை மூட, பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப் நான்கைந்து சுற்று. அதற்கு மேல் வண்டி டிங்கரிங்கில் போடுகிற பட்டி, ஒரு பக்கம் முக்கால் அங்குலம், மறு பக்கம் அதைவிட அதிகம். அதற்கு மேல் படகுக்குப் போடுகிற சொரசொரப்பான கண்ணாடிநார் மேட். கூரான விளிம்பில் அந்த மேட் மடங்காது, அதனால் விளிம்பையே உருட்டிவிட்டிருக்கிறார். அடியில் நாங்கள் அரை நாள் சண்டை போட்டு வைத்த 3 மில்லிமீட்டர் குழிவு பட்டியில் நிரம்பி, வெளியே தொப்பை போட்டிருந்தது. இடது பக்கம் ஒதுங்கியதற்கும் காரணம் தெரிந்தது. இரண்டு ரெயிலும் இரண்டு விதம்.

துண்டை எடுத்துக்கொண்டு போனேன். "அண்ணே, இது எபாக்சியா?" கொஞ்ச நேரம் அதையே பார்த்தவர், "நீங்க குடுத்த தெர்மோகோல் மட்டம் தம்பி" என்றார். எங்களிடம் வெட்டி மீந்த துண்டு இருந்தது. நாலா பக்கமும் 10 சென்டிமீட்டர் வருகிற மாதிரி அறுத்து நகைக்கடைத் தராசில் வைத்தோம். 28 கிராம், அதாவது கன மீட்டருக்கு 28 கிலோ. பலகைக்குப் போதுமான அடர்த்தி. டிவி பெட்டியில் வருகிற தெர்மோகோல் பொதுவாக இதைவிட லேசு. அதைச் சொன்னதும், கடையில் ஆள் வந்திருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். இரண்டு மாதம் அலைந்து 3,000 ரூபாய் திரும்பியது.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். மீந்த தெர்மோகோல் துண்டை எடுத்துப் போய், அவர் கலக்கிய ரெசினில் நாலு சொட்டு அதன் மேல் விடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் டீ குடியுங்கள். எபாக்சி என்றால் அப்படியே நிற்கும். பாலியெஸ்டர் என்றால் குழி விழுந்துவிடும், பட்டறை முழுக்க மூக்கைத் துளைக்கும் வாசனையும் வரும். ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னர் கலக்குவதையும் பாருங்கள். பாலியெஸ்டருக்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான், மூடியில் ஊற்றி முடித்துவிடுவார்கள். எபாக்சிக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும், டப்பாவில் போட்ட விகிதப்படி அளந்துதான் கலக்க வேண்டும். செதுக்கி முடித்ததும் ரெயிலின் வடிவத்தை நாலைந்து இடத்தில் அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பலகை திரும்பி வந்ததும் அந்த அட்டையைப் பொருத்திப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். பெயின்ட் மட்டும் அடிக்கவே விடாதீர்கள். என் பலகையில் எல்லாத்தையும் மறைத்தது அந்தப் பெயின்ட்தான்.

அடுத்த பலகைக்குத் தெர்மோகோல் வாங்கியாகிவிட்டது. எபாக்சியை நாங்களே போடப்போகிறோம். பழைய பலகையின் முன்பாதி கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிட்டது. அறுத்த வால் துண்டு மட்டும் பொறையாறு வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது, டேப், பட்டி, பொந்து எல்லாம் அப்படியே.