கோத்தகிரி வாடகைப் புத்தகக் கடை: முடிவைச் சொன்னால் 5 ரூபாய்

கோத்தகிரி பேருந்து நிலையத்திலிருந்து மேலே ஏறும் சந்தில், தையல் கடைக்கு மாடியில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. "பழைய புக்கு அண்ணன்" என்று கேட்டால் தையல்காரரே படிக்கட்டைக் காட்டுவார். முன்பணம் 200 ரூபாய், ஒரு புத்தகத்துக்கு வாரம் 15 ரூபாய், புதன் விடுமுறை. நான் இங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கர், அதாவது டீத்தூள் தயாரிப்பைக் கவனிப்பவன். பறித்த கொழுந்து ஈரம் குறைய வாட்டத்தில் கிடக்கும் ராத்திரிகளில் தூங்கவும் கூடாது, பெரிதாக வேலையும் இருக்காது. நான்கு வருடமாக அந்த ராத்திரிகளை ஓட்டுவது இந்தக் கடைதான்.

ஜன்னலோர அலமாரி முழுக்க அறிவியல் புனைகதை. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் கோடு போட்ட சீட்டு ஒட்டியிருக்கும். படித்தவர் இரண்டு வரி எழுத வேண்டும். எழுத்திலோ பேச்சிலோ முடிவைச் சொல்லிவிட்டால் ஹார்லிக்ஸ் பாட்டிலில் 5 ரூபாய் அபராதம். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டில் காசில் வர்க்கி வரும். ஃபிசிக்ஸ் டீச்சர், ஜீப் ஓட்டும் தம்பி, நான் என மூன்று பேர் நிரந்தரம்.

புதிதாக வருபவர்களுக்கு அண்ணன் முதலில் கொடுப்பது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. அச்சான புத்தகம் இல்லை, ஆனந்த விகடனில் வந்த தொடரை யாரோ வாராவாரம் கிழித்து பைண்டு செய்தது. பக்கத்தைத் திருப்பினால் பாதி வெட்டுப்பட்ட ஜோக்கும் ஊறுகாய் விளம்பரமும் கிடைக்கும். கதை நடக்கும் காலத்தை நாம் தாண்டியே வந்துவிட்டோம். ஆனாலும் புத்தகம் படிக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய் பழசாகவில்லை. கதையில் வரும் நாட்டில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். தம்பி தன் பெயரை வெட்டிப் பார்த்துவிட்டு, மிச்சம் வீட்டில் சொல்ல முடியாத வார்த்தையாக இருக்கிறது என்றான்.

எனக்கு இந்தக் கடை கொடுத்த பெரிய பரிசு அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின். 1969இல் வந்த நாவல் 'த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்'. சீட்டில் டீச்சர் எழுதியிருந்தது: "முதல் 100 பக்கம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்." சரியான சொல். அப்புறம் இரண்டு பேர் பனிப்பாளத்தின்மேல் வண்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள், ஒருவர் அந்தக் குளிரிலேயே பிறந்தவர், மற்றவர் வேற்றுக் கிரகத்துக்காரர். கூடாரத்துக்குள் எவ்வளவு சூடு வைப்பது என்பதில் இருவருக்கும் ஒத்துவராது. நான் திருப்பூர்க்காரன், மனைவி கோத்தகிரி. மார்கழி ராத்திரியில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று எங்கள் வீட்டில் நடப்பது அப்படியே இருந்தது. பாலைவனக் கிரகத்தில் நடக்கும் 'ட்யூன்' நாவலை மூன்று முறை ஆரம்பித்தேன், மூன்று முறையும் மணல்தான் மிச்சம். தம்பிக்கு உயிர். விடுங்கள்.

இப்போது சண்டை சீன எழுத்தாளர் லியூ சிஷினின் 'த த்ரீ-பாடி ப்ராப்ளம்' நாவல் பற்றி. மின்நிலையத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினியராக இருந்துகொண்டே எழுதியவர் என்று கேட்டதும் எனக்குப் பிடித்துவிட்டது. ஷிஃப்ட் தெரிந்த ஆள். கதையில் மலை உச்சியில் ஒரு பெரிய ஆன்டெனா வருகிறது. டீச்சர் உடனே ஊட்டி பக்கம் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிக்குப் பேச்சை மாற்றிவிட்டார். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970இலிருந்து இயங்குகிறது. ஊட்டி ஏறக்குறைய 11 பாகை அட்சரேகையில் இருப்பதால், அதே அளவு சாய்ந்த சரிவாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. அந்த ஓர் அச்சில் திருப்பினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். "நம்முடையது கேட்க மட்டும்தான், பேசாது. அதனால் பயமில்லை" என்றார் டீச்சர். இதையே சீட்டில் எழுதலாமா என்று ஒரு மணி நேரம் வாதம்.

குறையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் புத்தகமெல்லாம் பூஞ்சணம். அலமாரிக்குள் 40 வாட்ஸ் குண்டு பல்பு எரியவிட்டும் போதவில்லை. "மேக்கர் சார், உங்க டிரையர் பக்கம் ரெண்டு நாள் வையுங்க" என்று ஒரு கட்டைத் தலையில் கட்டுவார் அண்ணன். காய்ந்துவிடும், ஆனால் டீத்தூள் வாசனை போகாது. தும்மல் உள்ளவர்கள் மழைக்காலத்தில் தவிர்க்கவும். இன்னொன்று, ஒரு நாவலில் கடைசி 16 பக்கம் இல்லை. கேட்டால், "அதனாலதான் சார் அந்தப் புக்குக்கு இதுவரைக்கும் யாரும் அபராதம் கட்டலை" என்கிறார். 15 ரூபாயைத் திருப்பித் தரவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஆன்டெனா, பயம் என்று இங்கே நான் எழுதியதே அதிகம் என்கிறான் தம்பி. பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறான்.