மூன்று சாக்கெட், ஒரே கம்பி: பழைய டிவி வாங்கி ஏமாந்த கதை

பழைய டியூப் டிவியில் கேம் ஆட ஆசைப்பட்டு மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு 6,500 ரூபாய் போனது. பணம் போனதைவிட, போன விதம்தான் வயிற்றெரிச்சல்.

என்னிடம் பிளேஸ்டேஷன் 2 இருக்கிறது. கூடவே சின்ன வயதில் வாங்கிய, துப்பாக்கி வைத்த கேசட் கேம் ஒன்றும் உண்டு. எல்இடி டிவியில் அந்தத் துப்பாக்கி சுடவே சுடாது. பிக்சர் டியூபில் படம் வரைகிற நேரத்தை வைத்து வேலை செய்கிற சாமான் அது. பிளேஸ்டேஷனை மஞ்சள் கம்பியில் கொடுத்தால் சிவப்பெல்லாம் விளிம்பில் கசியும். காம்போனென்ட் எனப்படும் பச்சை, நீலம், சிவப்பு மூன்று கம்பியில் கொடுத்தால் பளிச்சென்று இருக்கும். பழைய டிவி பலவற்றில் அந்த மூன்று சாக்கெட்டும் கிடையாது. ஆனால் சில கம்பெனிகள் விலை கூடியது, குறைந்தது இரண்டு மாடலுக்கும் உள்ளே ஒரே சர்க்யூட் போர்டைத்தான் போட்டிருக்கும். விலை குறைந்த மாடலில் சாக்கெட்டையும் நாலைந்து பார்ட்ஸையும் மட்டும் விட்டிருப்பார்கள். அவற்றை வைத்து, சர்வீஸ் மெனுவில் (மெக்கானிக்குகளுக்கான ரகசிய செட்டிங் பக்கம்) மாற்றினால் சரியாகிவிடும்.

"அதெல்லாம் பண்ணியே வச்சிருக்கேன் தம்பி, வந்து பாருங்க" என்றார் விற்றவர். 21 இன்ச் பிளாட் டிவி. டிவிக்கு 4,000, மாற்றியதற்கு 2,500. நான் போனபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. டிவிடி பிளேயரில் ஏதோ பாட்டு, நல்ல வெளிச்சம், நல்ல கலர். பின்பக்கம் சுவரை ஒட்டி இருந்தது. "பார்க்கலாமா அண்ணே?" என்றதற்கு, துணியால் துடைத்துக்கொண்டே திருப்பிக் காட்டினார். மூன்று சாக்கெட்டும் அழகாக வரிசையில் இருந்தன. எந்தக் கம்பி எதில் செருகியிருக்கிறது என்று கவனிக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

வீட்டில் பிளேஸ்டேஷனை மாட்டினால் படம் கருப்பு வெள்ளை. போன் பண்ணினேன். "உங்க கேம் பெட்டி கோளாறு தம்பி" என்றார். சரி என்று மஞ்சள் கம்பியிலேயே ஆடினேன். மூன்றாவது வாரம் படம் மங்க ஆரம்பித்தது. காலையில் சுவிட்ச் போட்டால் நான்கு நிமிடம் கழித்துத்தான் முகமே தெரியும். இருட்டுக் காட்சியில் சாய்வாக வெள்ளைக் கோடுகள். மறுபடி போன் பண்ணினால் எடுக்கவில்லை.

தக்கலையில் முப்பது வருடமாக டிவி ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். திறந்தவுடனே சிரித்துவிட்டார். பச்சை சாக்கெட் மட்டும் பழைய மஞ்சள் வீடியோ இன்புட்டோடு ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. நீலம், சிவப்பு இரண்டின் பின்னாலும் ஒரு கம்பிகூட இல்லை, சும்மா பசை போட்டு நிறுத்தியிருந்தார்கள். மூன்று இன்புட்டிலும் இருக்க வேண்டிய 75 ஓம் ரெசிஸ்டர் எதுவும் இல்லை. விற்றவர் அன்றைக்கு டிவிடியின் மஞ்சள் கம்பியைப் பச்சையில் செருகிக் காட்டியிருக்கிறார், அதனால் கலர் வந்தது. காம்போனென்டில் பச்சைக் கம்பி வெளிச்சத்தை மட்டும்தான் சுமக்கும், அதனால் என் வீட்டில் கருப்பு வெள்ளை.

"மக்களே, இதையும் பாரு" என்று எல்.ஓ.டி.யை, அதாவது டியூபுக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரைக் காட்டினார். அதன் நடுவில் இருக்கும் கோர் (core) மேல் ஒரு வயர் இரண்டு சுற்று சுற்றி, டியூபைச் சூடாக்கும் ஹீட்டருக்குப் போயிருந்தது. 6.3 வோல்ட் போக வேண்டிய ஹீட்டருக்குக் கூடுதலாக ஏற்றினால், செத்துக்கொண்டிருக்கிற டியூப் கொஞ்ச நாள் ஜொலிக்கும், அப்புறம் சுத்தமாகப் படுத்துவிடும். போதாததற்கு, உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்கிரீன் திருகையும் விற்றவர் முழுசாக ஏற்றியிருந்தார். அந்த வெள்ளைக் கோடுகள் அதனால்தான். ஸ்க்ரூ எல்லாம் உப்புக் காற்றுத் துரு. கடற்கரை வீட்டில் கிடந்த டிவியாம். என்னிடம் "ஆபீசர் வீட்டு டிவி" என்று சொன்னார்கள்.

அதனால், போகிற இடத்தில் டிவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு வாங்காதீர்கள். நிறுத்தி வைத்திருந்தாலும் மேலே காற்றுத் துளையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஓட்டி வைத்தது. ஆறிய டிவியில் சுமார் பத்து வினாடியில் படம் வர வேண்டும். உங்கள் கேம் பெட்டியையும் மூன்று கம்பியையும் கையோடு கொண்டுபோய் நீங்களே செருகுங்கள். 100 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் துப்பாக்கி கேமுக்கு வேண்டாம், படம் வரைகிற நேரம் அதில் மாறிவிடும். ஆர்வத்தில் நீங்களே திறந்துவிடாதீர்கள். கலர் டியூபில் சுமார் 25,000 வோல்ட் இருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்சம் தங்கியிருக்கும்.

எனக்கு இப்போது கிடைத்திருப்பது அத்தை வீட்டுப் பரணில் கிடந்த 14 இன்ச் அரசு இலவச டிவி. 2006-க்குப் பிறகு வீடு வீடாகக் கொடுத்தார்களே, அதுதான். கேபிள் பெட்டி வந்ததும் தூக்கிப் போட்டதால் டியூப் புதுசு மாதிரி இருக்கிறது. மஞ்சள் இன்புட் மட்டும்தான், ஆனால் அந்தச் சின்னத் திரையில் கலர் கசிவது பெரிதாகத் தெரியவில்லை. துப்பாக்கியும் குறி தப்பாமல் சுடுகிறது.

பழைய 21 இன்ச்சை ஆக்ரிக் கடையில் (பழைய சாமான் கடை) 250 ரூபாய்க்குப் போட்டேன். அந்த மூன்று சாக்கெட்டை மட்டும் பெயர்த்து மேசையில் வைத்திருக்கிறேன்.