முனைப் புரதங்கள்: டிவ்ஐவிஏ, பாப்இசட், மின் – எதைப் பாடமாக எடுப்பது?

கோல் வடிவ பாக்டீரியாவில் சில புரதங்கள் செல்லின் முனைக்கே போய்ச் சேர்கின்றன. அது எப்படி என்று வகுப்பில் விரிவாக நடத்த ஒரு வழிக்குத்தான் நேரம் இருந்தது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் டிவ்ஐவிஏ புரதத்தை எடுத்துக்கொண்டேன். போட்டியில் இருந்தவை ஈ. கோலை பாக்டீரியாவின் ‘மின்’ (Min) என்ற புரதத் தொகுதியும் காலோபாக்டர் என்ற பாக்டீரியாவின் பாப்இசட் புரதமும்.

மின் புரதங்கள் முனைக்கு முனை ஊசலாடுபவை. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். 1999இல் வெளியான அந்தக் காட்சி அற்புதமானது. ஆனால் ஊசல் ஓட, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவாகிக்கொண்டே இருக்க வேண்டும். பேசில்லஸில் ஊசலை இயக்கும் மின்-இ புரதம் கிடையாது. அங்கே பிளவைத் தடுக்கும் மின்-சி, மின்-டி இரண்டையும் மின்-ஜே என்ற இணைப்புப் புரதம் வழியாகப் பிடித்து நிறுத்துவது டிவ்ஐவிஏ. முனையருகே செல் பிளந்துவிடாமல் காக்கும் அதே வேலை ஊசல் இல்லாமலே நடந்துவிடுகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது புதிய முனை பற்றிய கேள்வி. செல் பிரியும்போதெல்லாம் நேற்றைய நடுப்பகுதி இன்றைய முனையாகிறது. அங்கே புரதத்தைக் கொண்டுசேர்ப்பது யார்? டிவ்ஐவிஏவுக்கு இந்தச் சிக்கலே இல்லை. குறுக்குச்சுவர் உள்நோக்கி வளரத் தொடங்கியதும் அதன் இருபுறமும் சவ்வு கூர்மையாக வளைகிறது. உள்ளிருந்து பார்த்தால் குழிவு. டிவ்ஐவிஏ அந்தக் குழிவில் கூடுகிறது. செல் பிரிந்து முடிக்கும்போது இரு சேய் செல்களின் புதிய முனையிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. இதை ஈ. கோலையில் வைத்தாலும் பிரியும் இடத்துக்கே போகிறது, பிளவு ஈஸ்ட்டில் வைத்தாலும் அப்படியே என்று 2000இல் காட்டினார்கள். பாக்டீரியாவின் கூட்டாளிப் புரதம் எதுவுமே இல்லாத ஈஸ்ட்டில் வழிகாட்டியது எது? 2009இல் வந்த இரண்டு ஆய்வுகள் சவ்வின் குழிவைச் சுட்டின. மாணவர்களே யோசித்து எட்டக்கூடிய விடை இது என்பதால் எனக்கு இன்னும் பிடிக்கும்.

ஓரிடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்துகிறேன். முனையின் வளைவு அரை மைக்ரோமீட்டர் அளவு, புரதமோ சில நானோமீட்டர். தனி மூலக்கூறு அந்த வளைவை உணர முடியாது. பல சேர்ந்த திரள்தான் உணர்ந்தாக வேண்டும். குழிவு என்ற விளக்கம் மட்டும் தனியாக நிற்காது.

காலோபாக்டரை நான் வளர்த்துப் பார்த்ததில்லை. பாப்இசட் பற்றிச் சொல்வது படித்தறிந்ததே. 2008இல் விவரிக்கப்பட்ட இது டிஎன்ஏ அடைக்காத முனைப்பகுதியில் தானாகத் திரண்டு, குரோமோசோமில் நகலெடுப்பு தொடங்கும் பகுதியைப் பிடித்து வைக்கிறது. முதலில் பழைய முனையில் இருக்கும், பிறகே புதிய முனைக்கும் வரும். ஒரே செல்லின் இரு முனைகளும் ஏன் வேறுபடுகின்றன என்று நடத்துபவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும்.