நியூவர்க் பழம்பொருள் சந்தை: சரக்கெடுக்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் சரக்கெடுக்கக் கிளம்பும் பழம்பொருள் வியாபாரிக்கு ஒரே ஒரு இடம்தான் வாய்க்கும் என்றால், நாட்டிங்ஹாம்ஷயரின் நியூவர்க் சந்தையைச் சொல்லலாம். 84 ஏக்கர் மைதானம், 2,500 ஸ்டால்கள் வரை. வருஷத்துக்கு ஆறு தடவை, வியாழனும் வெள்ளியும். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயில் உண்டு. ஆனால் மரச்சாமான் வாங்குகிறவருக்கு வேன் இல்லாமல் கதையாகாது.

வியாழன் டிக்கெட் விலை கூடுதல்தான், கொடுத்துவிடுங்கள். நல்ல சரக்கு அன்று காலையிலேயே வியாபாரிகளுக்குள் கைமாறிவிடும். வெள்ளி மதியம் விலை இறங்கும், உண்மைதான். அப்போது மிஞ்சுவது ஜோடி தவறிய தட்டும் கால் ஆடும் நாற்காலியும். பழைய விமானத்தளத்துப் பக்கம் என்பதால் காற்றுக்கு மறைப்பே கிடையாது. மழை பெய்தால் சேறு. ரப்பர் பூட்ஸ், டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி), அளவு நாடா, ரொக்கம் ஆகியவை அவசியம். விலை கேட்கும்போது "உங்கள் கடைசி விலை என்ன?" என்று ஒரு முறை கேட்டால் போதும். எடுத்த எடுப்பில் பாதி விலைக்குக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஏமாற்றம் அதிகம் நடப்பது டிராயர் அலமாரிகளில்தான். சீட்டில் 'ஜார்ஜியன்' (1714 முதல் 1830 வரையிலான ஜார்ஜ் மன்னர்கள் காலத்துச் சாமான்) என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல், டிராயர் ஒவ்வொன்றையும் வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். மூலையில் புறா வால் வடிவில் கோத்த டவ்டெய்ல் மூட்டுகள் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் இருந்தால் இயந்திர வேலை, ஜார்ஜியன் அல்ல. முகப்பலகையின் உள்பக்கம் பழைய துளைகளை அடைத்த தடம் தெரிந்தால் கைப்பிடி மாற்றப்பட்டிருக்கிறது. அது விலையைக் குறைக்கும், அவ்வளவுதான். மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் பின்பலகையின் நிறமோ பலகை அகலமோ வேறுபட்டால் இரண்டு உடைந்த சாமான்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். அதைத் தொடவே வேண்டாம். புழு துளைத்த ஓட்டையைத் தட்டும்போது வெளிர் மாவு உதிர்ந்தால் புழு இன்னும் உயிரோடு இருக்கிறது. வேனில் ஏற்றினால் பக்கத்துச் சாமானுக்கும் ஆபத்து.

வெள்ளிச் சாமானுக்கு லூப் பிடியுங்கள். நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங்குக்கு, அதாவது 92.5 சதவீத வெள்ளிக்கு, அடையாளம். பக்கத்து முத்திரை, வெள்ளியைச் சோதித்த ஊரைச் சொல்லும்: நங்கூரம் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை லண்டன். ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம், அதற்குப் பின் ரோஜா. அரசர் அல்லது அரசியின் தலை இருந்தால் 1784-க்கும் 1890-க்கும் இடையில் வரி கட்டிய சாமான். ஈ.பி.என்.எஸ். (EPNS) என்பது நிக்கல் கலவை உலோகத்தின்மேல் பூசிய வெறும் வெள்ளி முலாம். அந்த நான்கு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்துக்குள் பொறித்து ஹால்மார்க் மாதிரியே காட்டும் சாமர்த்தியம் விக்டோரியா காலத்திலேயே உண்டு. பீங்கானின் அடியில் 'இங்லண்ட்' என்றிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அந்த வருஷம் முதல் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயரைக் கேட்டது.

பலர் கவனிக்காதது வெள்ளி டீ பாட்டின் கைப்பிடியில் சூடு தாக்காமலிருக்கப் பொருத்திய தந்த வளையம். யானைத் தந்த வியாபாரத்தைத் தடுக்கும் பிரிட்டனின் தந்தச் சட்டம் 2022 ஜூன் முதல் அமலில் இருக்கிறது. தந்தம் பத்து சதவீதத்துக்குக் குறைவாகவும் சாமான் 1947 மார்ச்சுக்கு முந்தியதாகவும் இருந்தால் விலக்குக் கிடைக்கும். ஆனால் விற்கும் முன் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவைக் கேளுங்கள், இல்லையென்றால் வைத்துவிட்டு நகருங்கள்.

வேனில் இடம் மிச்சமிருந்தால் வடக்கே லிங்கன்ஷயரின் ஹெம்ஸ்வெல்லுக்கு ஓட்டலாம். பழைய விமானப்படைக் கட்டடங்களுக்குள் அமைந்த பெரிய கடைத் தொகுப்பு, வாரம் முழுக்கத் திறந்திருக்கும். நியூவர்க்கைவிட விலை கொஞ்சம் கூடும். மழைக் கவலை கிடையாது, சாவகாசமாகப் பார்க்கலாம். சரக்குக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் அங்கே இருக்கமாட்டார். சீட்டு விலையில் வழக்கமான சின்னத் தள்ளுபடியைக் கவுண்டரிலேயே தருவார்கள். அதற்கு மேல் குறைக்க அவருக்குப் போன் போட வேண்டும். அதனால் பிடித்ததை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டு ஒரே தடவையில் பேசுங்கள்.