ஆர்ட் ஆஃப் பிராப்ளம் சால்விங்: கணக்கில் ஆசையுள்ள பிள்ளையைச் சேர்க்கலாமா?

நான் கோபிசெட்டிபாளையத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பில் சென்டம் வாங்க வைக்கும் வழி எனக்குத் தெரியும். புக் பேக் கணக்கு ஒன்று விடாமல், பழைய வினாத்தாள், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். ஆனால் எட்டாவது படிக்கும் என் மகள் பாடப் புத்தகத்தை முடித்துவிட்டு "அடுத்து என்னம்மா?" என்று வந்து நின்றால் கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. கோவையில் ஒரு கோச்சிங் சென்டரில் ஒலிம்பியாட் பயிற்சி என்று சேர்த்தோம். பெயர் வேண்டாம். ஜேஇஇ சூத்திரங்களை மூன்று வருடம் முன்னாடியே மனப்பாடம் செய்ய வைத்தார்கள், அவ்வளவுதான். பிள்ளைக்குக் கணக்கு என்றாலே சலிப்பு வந்துவிட்டது. ராமானுஜன் பிறந்தது எங்கள் ஈரோட்டில் என்று ஒவ்வொரு டிசம்பர் 22க்கும் மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். அதே ஈரோட்டில் எட்டாவது பிள்ளை படிக்கிற மாதிரி எண்ணியல் (நம்பர் தியரி) புத்தகம் ஒன்று தேடினேன், கிடைக்கவில்லை.

அப்படித்தான் ஆர்ட் ஆஃப் பிராப்ளம் சால்விங் என்ற இந்த அமெரிக்க இணையதளத்துக்கு வந்தோம். பள்ளி நாளில் போட்டிக் கணக்குப் போட்டு வளர்ந்த ரிச்சர்ட் ருசிக் என்பவர் 2003இல் தொடங்கியது. புத்தகம், நேரடி வகுப்பு, ஆல்குமஸ் என்ற பயிற்சித் தளம் என்று மூன்று வழி இருக்கிறது. ஆல்குமஸ் முழுக்க இலவசம். முதலில் அதைத்தான் திறந்து கொடுத்தேன்.

அதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து பேர் வரிசையாக உட்கார வேண்டும், அதில் குறிப்பிட்ட இருவர் மட்டும் அடுத்தடுத்து உட்காரக் கூடாது, எத்தனை விதம் என்கிற மாதிரி ஒரு கணக்கு. அந்த இருவருக்கும் ஒட்டாத இடங்களை 6 ஜோடியாக எண்ணினாள், மீதி மூன்று பேரை 6 விதமாக உட்கார வைத்தாள், 36 என்று அடித்தாள். தப்பு என்று வந்தது. எனக்குக் கை பரபரத்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தவள், ஐந்து பேரை விட்டுவிட்டு மூன்று பேரை வைத்துப் போட்டுப் பார்த்தாள். அவள் முறைப்படி ஒரு விதம்தான் வந்தது. கையால் எழுதினால் இரண்டு விதம். "அம்மா, அவங்க ரெண்டு பேரும் இடம் மாறிக்கலாம்ல!" 72 என்று அடித்தாள், சரி. அதற்குப் பிறகு தீர்வைத் திறந்தால், மொத்தம் 120இல் இருவரும் சேர்ந்து உட்காரும் 48ஐக் கழித்து இரண்டே வரியில் முடித்திருந்தார்கள். அந்த இரண்டு வரியை நான் முதலிலேயே போர்டில் எழுதியிருந்தால் நோட்டில் காப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பாள். சின்ன எண்ணை வைத்துச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் வந்திருக்காது.

புத்தகங்களும் இதே போக்குதான். விதியைச் சொல்லி எடுத்துக்காட்டுக் காட்டி அப்புறம் பயிற்சி என்ற நம் வரிசை கிடையாது. பகுதி தொடங்கும்போதே கணக்கு, போட்டுப் பார்த்த பிறகுதான் விளக்கம். இயற்கணிதம், எண்ணுதலும் நிகழ்தகவும், எண்ணியல், வடிவியல் என்று அறிமுக நிலைக்குத் தனித்தனிப் புத்தகம். விடை விளக்கம் வேறு புத்தகமாக வருகிறது. அதை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

நேரடி வகுப்பு வேறு மாதிரி. ஆசிரியர் முகமும் தெரியாது, குரலும் கேட்காது. எல்லாம் எழுத்துதான். ஆசிரியர் கேள்வி போடுவார், பிள்ளைகள் தட்டச்சு செய்த பதில்களில் அவர் தேர்ந்தெடுப்பவை மட்டும் எல்லார் திரையிலும் வரும். சிக்கிக்கொண்ட பிள்ளையிடம் உதவி ஆசிரியர் தனியாகப் பேசுவார். இது என்ன வகுப்பு என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. ஆனால் வகுப்பில் கை தூக்கக் கூச்சப்படும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். உச்சரிப்பைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள், தப்பான பதில் மற்ற பிள்ளைகள் கண்ணில் படாது என்றால் அந்தப் பிள்ளைகள் எவ்வளவு எழுதும்! வாரம் ஒரு கணக்குக்கு முழு நிரூபணம் எழுதி அனுப்ப வேண்டும், அதை ஆள் உட்கார்ந்து படித்து எங்கே வாதம் அறுந்தது என்று குறிப்பு எழுதுகிறார்கள். காசு கொடுப்பது என்றால் இதற்காகத்தான் கொடுக்க வேண்டும்.

காசு ஒரு பெரிய விஷயம்தான். ஒரு கோர்ஸ் சில நூறு டாலர், நம் பக்கம் பல வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. நேரமும் இடிக்கும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் சாயங்காலம் ஏழரை என்றால் நமக்கு விடிகாலை ஐந்து, அங்கே குளிர்காலமானால் ஆறு. எல்லாமே ஆங்கிலம். தமிழ் மீடியப் பிள்ளை என்றால் தொடக்கத்தில் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். சேருவதற்கு முன் பல கோர்ஸ்களுக்கு இலவசமாக இரண்டு தேர்வு வைத்திருக்கிறார்கள். இதற்குத் தயாரா என்று ஒன்று, இது உனக்குத் தேவையா என்று இன்னொன்று. இரண்டாவதைக் கட்டாயம் எழுத வையுங்கள், தெரிந்ததற்கே பணம் கட்டுவது மிச்சமாகும்.

இந்தியக் கணித ஒலிம்பியாட்டுக்கு முதல் கட்டத் தேர்வான ஐஓகியூஎம்முக்கு இது போதுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை எழுதலாம். மூன்று மணி நேரம், 30 கேள்வி, 100 மதிப்பெண், விடை எல்லாம் 0 முதல் 99க்குள் முழு எண். அறிமுகப் புத்தகங்கள் நான்கையும் ஒழுங்காக முடித்த பிள்ளை அந்தத் தாளைப் பார்த்து மிரளாது என்பது என் எண்ணம். ஆனால் கடைசி பத்துக் கேள்விகளுக்கு இடைநிலைப் புத்தகங்களும் நம் பழைய தாள்களும் வேண்டும். அதைத் தாண்டி அடுத்த கட்டமான ஆர்எம்ஓவுக்கு (மண்டல அளவிலான ஒலிம்பியாட்) போனால் விடை மட்டும் போதாது, ஆறு கணக்குக்கும் முழுத் தீர்வு எழுத வேண்டும். நிரூபணத்தைத் திருத்தித் தருவது அங்கேதான் கைகொடுக்கும்.

நான் இப்போது செய்வது இதுதான். மகளுக்கு எண்ணுதல் புத்தகமும் ஆல்குமஸும். என் வகுப்பில் ஆர்வமுள்ள மூன்று பிள்ளைகளுக்கு மதிய இடைவேளையில் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் ஆல்குமஸ் மட்டும். தலைமையாசிரியர் சாவி கொடுத்திருக்கிறார். போனில் போட வைக்காதீர்கள், பின்னம் அடிக்கவே பாடாய்ப் படும். கீபோர்டும் பக்கத்தில் ஒரு ரஃப் நோட்டும் இருக்கட்டும்.