தொட விடமாட்டார்கள், போய்ப் பாருங்கள்

என் மகளுக்கு எட்டு வயது. அவளுக்குத் தெரிந்த காட்டு விலங்கு என்றால் கோட்டை மான்தான். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், பிரட்ரிக் கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்கள் கையில் பையைக் கண்டால் தாமாகவே வந்து மூக்கை நுழைக்கும். கச்சான் கொடுத்தாலும் தின்னும், பாண் துண்டு கொடுத்தாலும் தின்னும், சமயத்தில் பையையே தின்னும். அதனால், விடுமுறைக்கு உடவளவை போய் தாயை இழந்த யானைக்குட்டிகளைப் பார்க்கப் போகிறோம் என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நான் என்னப்பா குடுக்கலாம்?"

ஒன்றும் கொடுக்க முடியாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிண்ணியாப் பாலம், மூதூர், மட்டக்களப்பு, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, தனமல்வில என்று போனோம். நான், மனைவி, மகள், அம்மா. விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டும் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. பாதை நல்லது, என் முதுகுதான் சரியில்லை.

தனமல்வில தாண்டி உடவளவைக்குப் போகும் பாதையோரம் தேசியப் பூங்காவின் மின்சார வேலி ஓடுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கொம்பில்லா யானை தும்பிக்கையை நீட்டியபடி நின்றது. போகிற வாகனங்கள் நிறுத்திப் பழம் எறிய, அது எடுத்துத் தின்றது. நாங்களும் நிறுத்தினோம். மகள் அரைச் சீப்பு வாழைப்பழத்தை எறிந்து முடித்தாள். எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

யானைக்குட்டிகள் இருக்கும் இடத்துக்கு மறுநாள்தான் போனோம். சிங்களத்தில் 'எத் அத்துரு செவன' என்பார்கள். தமிழில் யானைகள் இடைத்தங்கல் முகாம். அந்தப் பெயரைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். சுனாமிக்குப் பிறகு அவரும் ஒரு இடைத்தங்கல் முகாமில் மாதக்கணக்கில் இருந்தவர். "அப்ப எனக்கு உள்ளுக்கு விடுவினம், டிக்கெட் வேண்டாம்" என்றார்.

தங்கிய விடுதிக்காரர் சொன்ன நேரம் பிழை. அதை நம்பிப் போய் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் காத்திருந்தோம். குட்டிகளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால். பார்வையாளர்களை விடுவது அந்த நேரத்துக்குத்தான். ஆகவே நேரத்தை வாசலிலேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.

உள்ளே ஒரு மேடை, படிப்படியாக இருக்கைகள், முன்னால் தடுப்பு, அதற்கு அப்பால் வெளி. அவ்வளவுதான் ஏற்பாடு. நேரம் வந்ததும் ஒரு படலை திறக்கும், சில குட்டிகள் ஓடி வரும். நடந்து அல்ல, காதை விசிறிக்கொண்டு ஓடித்தான். ஊழியர்கள் புனலில் பாலை ஊற்ற, குழாய் வழியாக நேரே வாய்க்குள் இறங்குகிறது. குடித்து முடிந்ததும் அந்தப் பக்கம் குவித்திருக்கும் இலைகுழைக்கு அனுப்பிவிட்டு அடுத்த தொகுதியை விடுகிறார்கள். எல்லாரும் நல்ல பிள்ளைகள் இல்லை. ஒரு குட்டி இலைப் பக்கம் போவதுபோலப் போய், சுற்றி வந்து, அடுத்த தொகுதியோடு மறுபடியும் குழாய்க்கு நின்றது. பிடித்துத் தள்ளினார்கள். திரும்பவும் வந்தது. அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்கட முகாமிலயும் பால்மாவுக்கு ரெண்டாந்தரம் வந்து நிண்ட ஆக்கள் இருந்தவை" என்றார். மனைவி "நீங்களோ மாமி?" என்று கேட்க, அம்மா பதில் சொல்லவில்லை.

மொத்தம் அரை மணித்தியாலம்கூட இல்லை. முடிந்ததும் குட்டிகள் காட்டுப் பக்கம் போய்விட்டன. மகளின் முகம் தொங்கிவிட்டது. "தொடவே விடேல்லையே" என்றாள். பின்னவலை யானைகள் சரணாலயத்தில் யானைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்த தோழி ஒருத்தி வகுப்பில் இருக்கிறாள், அதுவும் ஒரு காரணம்.

பின்னவலை வேறு, இது வேறு. 1975 இல் தொடங்கிய பின்னவலையில் யானைகள் அங்கேயே வளர்ந்து அங்கேயே வாழ்பவை. 1995 இல் வனஜீவராசிகள் திணைக்களம் உடவளவையில் தொடங்கிய இந்த இடத்தின் நோக்கமே குட்டிகளைத் திருப்பி அனுப்புவது. கிணற்றில் விழுந்தவை, கண்ணியில் கால் சிக்கியவை, வெடிபட்டுத் தாய் செத்தவை எல்லாம் இங்கே வருகின்றன. ஐந்து வயதளவில் கூட்டமாகக் காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். 1998 இல் முதல் தொகுதி போனது. கழுத்தில் சமிக்ஞைப் பட்டி மாட்டிச் சிலவற்றைப் பின்தொடர்ந்தும் பார்த்திருக்கிறார்கள். மனிதக் கை பழகிய யானை காட்டில் நிற்காது, தோட்டத்துக்குத்தான் வரும். கந்தளாய்ப் பக்கம் வயல் செய்யும் எங்கள் சொந்தக்காரருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. தோட்டத்துக்கு வருகிற யானைக்குக் காத்திருப்பது ஹக்கபட்டாஸ், தீனிக்குள் ஒளித்து வைக்கும் வாய்வெடி.

இதையெல்லாம் மகளுக்கு வாகனத்துக்குள் வைத்துச் சொன்னேன். எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியாது. பாதி வழியில் "அந்தக் களவெடுக்கிற குட்டியும் போகுமா?" என்று மட்டும் கேட்டாள். போகும் என்றேன்.

பூங்காவுக்குள் ஜீப் சவாரியும் போனோம். யானைகள் கண்டோம், மயில் நிறையக் கண்டோம். அதற்குக் கொடுத்த காசை நினைக்காமல் இருந்தால் நன்று. கையில் காசு மட்டு என்றால் சவாரியை விட்டுவிட்டு, பால் கொடுப்பதை இரண்டு நேரம் பாருங்கள். வீதியோரம் சட்டியில் விற்ற எருமைத் தயிரும் வாங்கினோம். பரவாயில்லை, ஆனால் மூதூர்த் தயிருக்குப் பக்கத்தில் நிற்காது.

திரும்பி வரும்போது அதே வேலி, அதே இடம், அதே யானையாகத்தான் இருக்க வேண்டும். தும்பிக்கை வெளியே நீண்டிருந்தது. முன்னால் போன வான் நிறுத்தியது. நான் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் மகளைப் பார்த்தேன். மடியில் வாழைப்பழம் இருந்தது. ஒன்றை உரித்துத் தானே சாப்பிடத் தொடங்கினாள்.

நான் நிறுத்தவில்லை.